எளிமையால் உயர்ந்த கலீஃபா

மதீனாவில் ஓர் ஏழைக் குடும்பம். விற்பனைக்குரிய பாலில் நீர் கலக்குமாறு தாய் பணிக்கிறாள். கலீஃபா காணாவிடினும் இறைவன் காண்கிறான் என்று மகள் மறுக்கிறாள். இரவில் நகர்வலம் வந்த கலீஃபா உமர் (ரலி) அவர்களின் செவியில் அம்மறுப்பு விழுந்தது. வறுமையிலும் வாய்மை தவறாத அந்நங்கையைத் தம் மகன் ஆஸிமுக்கு மணமுடித்து வைத்தார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் வரலாறு. அம்மணத்தில் பிறந்த உம்மு ஆஸிமின் மைந்தரே உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள்.

இளமையில் அவர்கள் எளிமையை அறிந்தவர்கள் அல்லர். உமையா அரச குடும்பத்தின் செழிப்பில் வளர்ந்தார்கள். அவர்கள் உடுத்திய ஆடையும் பூசிய நறுமணமும் பெயர் பெற்றவை. கி.பி. 706-இல் மதீனாவின் ஆளுநரானபோது மார்க்க அறிஞர் பதின்மரைக் கலந்தே நீதி செலுத்தினார்கள். ஆயினும் செல்வ வாழ்வு தொடர்ந்தது.

717-இல் கலீஃபா சுலைமான் மறைந்தார். அவர் எழுதிவைத்த முறிப்படி ஆட்சி உமரிடம் வந்தது. அன்றே வாழ்வு மாறியது. ஊர்வலத்துக்கென நிறுத்தப்பட்டிருந்த அரசுக் குதிரைகளை மறுத்துத் தம் கோவேறு கழுதையிலேயே சென்றார்கள். தமக்கு உரிமையாயிருந்த நிலங்களைத் துறந்தார்கள். துணைவி ஃபாத்திமாவுக்கு அவருடைய தந்தை கலீஃபா அப்துல் மலிக் அளித்த விலைமதிப்பற்ற அணிகலன்கள் இருந்தன. அவை பொதுக் கருவூலமாகிய பைத்துல்மாலைச் சேர வேண்டும், அன்றேல் தாம் பிரிய வேண்டும் என்றார்கள். அம்மாதரசி அணிகலன்களைத் துறந்து கணவரைத் தேர்ந்தார்.

அரசுப்பணி முடிந்ததும் அரசின் விளக்கை அணைத்து, சொந்த எண்ணெயில் எரியும் விளக்கை ஏற்றுவார்கள் என்பர். இதனை வெறும் நோன்பாகக் கொள்வது பொருந்தாது. அரண்மனையில் மிகுந்த பொருள் ஏழைகளின் இல்லங்களில் குறைந்த பொருள் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். மீண்ட செல்வம் கடனாளிகளுக்கும் வறியோர்க்கும் சென்றது. இஸ்லாத்தைத் தழுவியோரிடம் ஜிஸ்யா வரி வாங்குவது தடுக்கப்பட்டது. வட ஆப்பிரிக்காவில் ஜகாத் திரட்டச் சென்ற அலுவலர், அதைப் பெற வறியவர் எவரையும் காணாமல், அப்பொருளால் அடிமைகளை விடுவித்தார் என வரலாற்றாசிரியர்கள் உரைப்பர்.

சலுகை இழந்த உறவினரின் வெறுப்பு வளர்ந்தது. 720-இல், நாற்பது வயது நிரம்பும் முன்னரே அவர்கள் மறைந்தார்கள். ஆட்சி இரண்டரை ஆண்டுகூட நீடிக்கவில்லை.

அடுத்து ஆட்சிக்கு வந்த யஸீத், ஃபாத்திமாவின் உடன்பிறந்தவர். அணிகலன்களைத் திருப்பித் தர முன்வந்தார். கணவர் வாழ்ந்தபோது விரும்பித் துறந்ததை அவர் மறைந்தபின் ஏற்பதற்கில்லை என ஃபாத்திமா மறுத்துவிட்டார்.

பாலில் நீர் கலக்க மறுத்த ஏழைப் பெண்ணிடம் தொடங்கிய வரலாறு, நகையை மீளப்பெற மறுத்த அரசகுலப் பெண்ணிடம் நிறைவுறுகிறது. காண்பார் இல்லாதபோதும் கை நீளாத நேர்மையே இருவரையும் இணைக்கிறது. பொதுப்பணத்தைக் கையாளும் பொறுப்பு நாளை நம் மாணவச் செல்வங்களுக்கும் வாய்க்கும். அன்று, தம்முன் எரியும் விளக்கு எவருடைய எண்ணெயில் எரிகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக!