பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினாரின் நூற்பணி

தத்துவத்தைக் கற்பிக்கும் பேராசிரியர் ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்பவராகவும் விளங்குவது அரிது. அவரே மொழிபெயர்ப்பாளராகவும் இலக்கிய வரலாற்றாசிரியராகவும் திகழ்வது அதனினும் அரிது. திண்டிவனத்தை அடுத்த வீடூரில் 1880ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் தத்துவப் பேராசிரியராகவும் கும்பகோணம் அரசினர் கல்லூரி முதல்வராகவும் பணியாற்றிய அ. சக்கரவர்த்தி நயினாரிடத்தே இவை யாவும் ஒருங்கே அமைந்திருந்தன.

ஆசார்ய குந்தகுந்தர் பிராகிருதத்தில் அருளிய பஞ்சாஸ்திகாயத்தை நயினார் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, வரலாற்று முன்னுரையும் தத்துவ விளக்கமும் சேர்த்தார். அந்நூல் 1920இல் ஆரா நகரிலிருந்து வெளிவந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து, 1950இல், ஸமயஸாரத்தை அமிர்தசந்திரரின் ஆத்மக்யாதி உரையைத் தழுவிய விளக்கத்துடன் அளித்தார். ஆன்மாவைப் பற்றி மேனாட்டார் எண்ணியவற்றையும் உபநிடதங்கள் கூறுவனவற்றையும் அந்நூலின் முன்னுரையில் ஆராய்ந்தார். நம் ஆகமக் கருத்துகளை உலகத் தத்துவ அரங்கில் பிறவற்றோடு ஒப்ப வைத்து நோக்கும் துணிவு அவருக்கு இருந்தது.

தமிழ்ச் சுவடிகளையும் அவர் மறந்தாரல்லர். 1923இல் மேருமந்தர புராணத்தையும், 1936இல் சமய திவாகர வாமன முனிவரின் உரையுடன் நீலகேசியையும் பதிப்பித்தார். நீலகேசி வாத நூல். பௌத்தம், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் ஆகியவற்றோடு அது தருக்கம் புரிகிறது. தமிழ்ப் புலமை மட்டும் உடையார்க்கு அதன் தருக்கம் எளிதில் விளங்காது. தத்துவப் புலமை மட்டும் உடையார்க்கு அதன் செய்யுள் பிடிபடாது. இரண்டும் கைவந்த நயினார் நெடிய ஆங்கில முன்னுரையும் வரைந்து அதனை வெளியிட்டார். அதன் பயன் நம் சமயத்தவரோடு நின்றுவிடவில்லை. ஆசீவகரின் சொந்த நூல்கள் மறைந்தொழிந்த நிலையில், அவர்தம் வரலாற்றை 1951இல் எழுதிய பாஷம் என்னும் ஆங்கில அறிஞர் நீலகேசியை ஒரு முதன்மைச் சான்றாகக் கொண்டார். மறுக்கப் புகுந்த கொள்கையையும் எடுத்துரைத்து மறுத்த நம் முன்னோரின் நேர்மையால், அழிந்துபோன ஒரு சமயத்தின் குரல் இன்றும் கேட்கிறது.

தமிழில் சமணர் படைத்த இலக்கியங்களை 1941இல் ஆங்கில நூலொன்றில் தொகுத்துரைத்தார். அது 1974இல் மறுபதிப்புக் கண்டது. 1953இல் திருக்குறளுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பும் விளக்கமும் எழுதினார். குறளாசிரியர் ஏலாசாரியர் எனப்பெற்ற குந்தகுந்தரே என்பது அவர் கொள்கை. அதனை எல்லா அறிஞரும் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆயினும், அவர் அதனை வெறும் பற்றினால் கூறாமல் காரணம் காட்டி நிறுவ முயன்றார். நாம் அவரிடம் கற்கவேண்டுவது முடிவைக் காட்டிலும் அம்முறையையே.

1960இல் அவர் மறைந்தார். பிற நாட்டாரும் பிற சமயத்தாரும் நம்மை அறியவேண்டும் என்றே அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதினார். இன்று நம் இல்லங்களில் ஆங்கிலவழிக் கல்வி பயிலும் பிள்ளைகளுக்கு அதுவே வாய்ப்பாக அமைந்துள்ளது. ஏட்டுத் தமிழும் பிராகிருதமும் அறியாத அவர்கள் ஸமயஸாரத்துள்ளும் நீலகேசியுள்ளும் நுழைய, அவர் திறந்து வைத்த வாயில் இருக்கிறது. இவ்விழா நாளில் அந்நூல்களுள் ஒன்றையேனும் அவர்கள் கையில் கொடுத்து, ஒரு பக்கத்தையேனும் உடனிருந்து படிப்பது பெற்றோராகிய நம் கடமை.