படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?



நம்ம ஊர்ப் பக்கம் ஒருத்தன் நன்றாகப் படம் வரைந்தால் ஊரே பாராட்டும். அதையே தொழிலாக வைத்துக்கொள்கிறேன் என்று சொன்னால், சோற்றுக்கு என்ன செய்வாய் என்று அதே ஊர் கேட்கும். பள்ளிப்பட்டில் விசைத்தறி ஓட்டும் என் அப்பாவும் அதைத்தான் கேட்கிறார். எங்கள் வீட்டில் டிப்ளமோ வரைக்கும் படிக்க வந்த முதல் ஆள் நான். வீட்டுக் கஷ்டம் தெரிந்தவன் என்பதால் அவர் கேட்பது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்தக் கேள்விக்கு வாழ்ந்தே பதில் சொன்ன ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். அவர் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர்.

பணிக்கர் 1911-ல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயசிலேயே மரம், ஆறு, வயல் என்று இயற்கைக் காட்சிகளை வண்ணத்தில் தீட்டுவாராம். பதினேழு வயசிலேயே அவருடைய படங்கள் சென்னையில் கண்காட்சிக்கு வந்துவிட்டன. ஆனால் அந்தச் சமயத்தில்தான் அவர் அப்பா காலமானார். குடும்ப பாரம் தலைமேல் விழுந்தது. கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தந்தி இலாகாவில் வேலைக்குப் போனார். ஓவியம் அத்தோடு முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. 1936-ல், 25 வயசில், சென்னை அரசு ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினாவில் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிதான் அங்கே முதல்வர். பணிக்கர் அங்கு வாங்கியதும் நம்மைப் போல டிப்ளமோதான்! 1941-ல் அதே பள்ளியில் ஆசிரியர் ஆனார். 1957-ல் முதல்வர் நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

இதோடு நிறுத்தினால் இது வழக்கமான வெற்றிக் கதை. எனக்குப் பிடித்தது இதற்குப் பிறகுதான்.

முதல்வருக்கு மாதச் சம்பளம் உண்டு, வீட்டில் அடுப்பு எரியும். ஆனால் அவரிடம் படித்து வெளியே போன பிள்ளைகளுக்கு? அந்தக் காலத்தில் சென்னையில் நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க ஆள் ரொம்பக் குறைவு. கையில் வித்தை இருந்தும், வயிற்றுப் பாட்டுக்காகக் கிடைத்த வேலைக்குப் போய்த் தூரிகையையே மறந்துபோனவர்கள் உண்டு. குடும்பத்துக்காகப் படிப்பையே விட்டவர் அல்லவா, பணிக்கருக்கு இந்த வலி தெரியும்.

அதற்கு அவர் கண்ட வழி கைத்தொழில். ஓவியம் விற்காவிட்டால் போகட்டும், அதே கையால் மக்கள் வாங்கக்கூடிய பொருளைச் செய்வோம் என்று இறங்கினார்கள். அதில் முக்கியமானது பாத்திக் துணி. உருக்கிய மெழுகால் துணியில் கோடு போட்டுச் சாயத்தில் முக்கினால், மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு மெழுகை எடுத்தால் படம் தெரியும். சாயமும் துணியும் நம்ம ஊருக்குப் புதுசா என்ன? இப்படி ஒரு நேரம் கைவினை, மறு நேரம் ஓவியம் என்று பழகினார்கள். கைவினை சோறு போட்டது. அதனால் யாருடைய விருப்பத்துக்கும் வளையாமல் தங்கள் மனசுப்படி ஓவியம் வரைய முடிந்தது.

அப்படி வந்த காசைச் சேர்த்து, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கடலோரமாக நிலம் வாங்கி, 1966-ல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். அப்போது அது வெறும் மணல்வெளி. அங்கே குடிசை போட்டு, வீடு கட்டி, பட்டறை அமைத்துக் குடியேறினார்கள். ஜே. சுல்தான் அலி, எம். சேனாதிபதி, எஸ்.ஜி. வாசுதேவ், பணிக்கரின் மகன் எஸ். நந்தகோபால் எல்லோரும் அந்தக் கிராமத்தில் இருந்து வேலை செய்தவர்கள். சர்க்கார் கட்டிக் கொடுத்த காலனி அல்ல அது, கலைஞர்கள் ஒன்று சேர்ந்து கட்டிக்கொண்ட ஊர். இன்றைக்கும் அது இருக்கிறது.

இத்தனை வேலைக்கு நடுவே பணிக்கர் தன் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. ஐம்பது வயசுக்கு மேல், 1963 வாக்கில், சொற்களும் குறியீடுகளும் என்ற புதிய வரிசையைத் தொடங்கினார். ஜாதகக் கட்டம், கணக்குக் குறி, மலையாள எழுத்து எல்லாம் அவர் படத்துக்குள் வந்தன. நமக்குப் பயம் காட்டுகிற கணக்கு நோட்டு அவருக்கு ஓவியமாகத் தெரிந்தது! 1967-ல் ஓய்வு பெற்றார். 1977-ல் காலமானார்.

நண்பர்களே! சோறா, கலையா என்று ஒன்றைத்தான் எடுக்கணும் என்று நம்மை மிரட்டுகிறார்கள். தந்தி இலாகா வேலை பணிக்கரின் கலையைக் கொன்றுவிடவில்லை, தள்ளித்தான் வைத்தது. வேலை ஓவியத்துக்கு எதிரி இல்லை. தனியாக நின்று, தூரிகையைத் தொடாமலே நாளைக் கடத்துவதுதான் எதிரி.

போன ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி போன சில காவடிகளுக்கு நான் வர்ணம் தீட்டிக் கொடுத்தேன். அந்தக் காசில் டிராஃப்டர் வாங்கினேன். டிப்ளமோ முடித்ததும் வேலைக்குப் போவேன், வீட்டுக் கடனை அடைப்பேன். ராத்திரி ஒரு மணி நேரம் மட்டும் என்னுடையது. அதை யாருக்கும் கொடுக்க மாட்டேன்.

நம் கல்லூரியிலும் பாட்டு, நடிப்பு, ஓவியம் என்று ஒளிந்திருப்பவர்கள் பலர். டிப்ளமோவை முடியுங்கள், கலையையும் விடாதீர்கள். இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நில்லுங்கள். மணல்வெளியிலேயே ஒரு ஊர் எழுந்திருக்கிறது, நம்மால் முடியாதா?