யார் இந்த கார்டானோ? மனைவி நகையை அடகு வைத்த சூதாடி பகடைக்கு கணக்கு எழுதிய கதை!

பகடையில் என்ன விழும் என்பது கடவுள் விட்ட வழி என்றுதான் ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்தது. 16ஆம் நூற்றாண்டில், அதற்கும் ஒரு கணக்கு இருக்கு என்று எழுதி வைத்தவர் ஜெரோலமோ கார்டானோ. கையைச் சுட்டுக்கொண்டு கற்ற கணக்கு அது.

1501இல் இத்தாலியின் பாவியா நகரில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர், ஆனால் பெற்றோருக்கு அப்போது திருமணம் ஆகியிருக்கவில்லை. அதையே காரணம் காட்டி, மருத்துவம் படித்து முடித்த கார்டானோவை மிலன் மருத்துவர் சங்கம் பல வருஷம் சேர்க்கவே இல்லை. வருமானம் இல்லை, சூதாட்டம் மட்டும் நிற்கவில்லை. மனைவியின் நகை, வீட்டுச் சாமான் எல்லாம் அடகுக்குப் போய், குடும்பமே ஏழைகள் விடுதிக்கு வந்தது.

வெனிஸில் ஒருமுறை குறியிட்ட சீட்டு வைத்து ஏமாற்றியவரின் முகத்தில் கத்தியால் கீறிவிட்டு, பணத்தோடு தப்பி ஓடினார். போகிற வழியில் கால்வாயில் விழுந்தது தனிக்கதை!

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

பகடையில் எந்தப் பக்கமும் கனமாக இல்லை, ஆறு பக்கமும் சமம் என்று முதலில் வைத்துக்கொண்டார். பிறகு, விழக்கூடிய எல்லா விதத்தையும் எண்ணினார். இரண்டு பகடை உருட்டினால் 36 விதம். மூன்று என்றால் 216. இரண்டு பகடையில் கூட்டுத்தொகை 7 வர ஆறு வழி இருக்கு. 12 வர ஒரே வழிதான், இரண்டிலும் 6 விழணும். அப்போ 7 மேல் பந்தயம் கட்டுபவருக்கு ஆறு மடங்கு வாய்ப்பு. இன்றைக்குப் பள்ளியில் நிகழ்தகவு என்று படிக்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். இதை வைத்துக்கொண்டு அவரே சில இடங்களில் தப்புக் கணக்கும் போட்டிருக்கிறார்.

சீட்டாட்டமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. வழுக்குவதற்காக சீட்டில் சோப்பு தடவுவது, மோதிரத்தில் கண்ணாடி வைத்துப் பார்ப்பது என ஏமாற்று வேலைகளையும் விவரிக்கிறார். ஆடாமல் இருப்பதே பெரிய லாபம் என்பது அவர் கருத்து. சொன்னவர் கடைப்பிடிக்கவில்லை.

பின்னாளில் புகழ்பெற்ற மருத்துவரானார். 1545இல் வெளியான அவரது இயற்கணித நூல் ஐரோப்பா முழுக்கப் பேசப்பட்டது. ஆனால் மனைவியை விஷம் வைத்துக் கொன்ற வழக்கில் மூத்த மகனுக்கு 1560இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கார்டானோ அதிலிருந்து மீளவே இல்லை. 1570இல் மத விசாரணை மன்றம் அவரையும் சிறையில் அடைத்தது. 1576இல் ரோமில் இறந்தார்.

பகடைப் புத்தகம் அப்போதும் கையெழுத்துப் பிரதிதான். 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதங்களில் இதே துறையைத் தொட்டு, நிகழ்தகவின் தந்தையர் என்று பெயர் வாங்கினார்கள். கார்டானோவின் புத்தகம் அச்சானது அதற்கு ஒன்பது வருஷம் கழித்து, 1663இல்.