திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்த டாக்டர்

 

நம் தெருவில் யாராவது கர்ப்பமாக இருந்தால், முத்துலட்சுமி ரெட்டி பணம் வந்துச்சா என்று பெரியவர்கள் விசாரிப்பார்கள். மகப்பேறு நிதியுதவித் திட்டத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் அது. தாம்பரம் பக்கத்திலிருந்து எத்தனையோ பேர் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். அதைத் தொடங்கியவரும் இந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்தான். இவ்வளவு பெரிய டாக்டர், சின்ன வயதில் பிறப்பைச் சொல்லி ஒதுக்கப்பட்ட ஒரு பெண் பிள்ளை என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி படித்தவர், கல்லூரி முதல்வராக இருந்தவர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி குலத்தில் பிறந்தவர். அந்தக் குலத்துப் பெண்களைச் சிறு வயதிலேயே கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவார்கள். ஊரார் அவர்களை மதிக்க மாட்டார்கள். சந்திரம்மாளோடு வாழ்ந்ததால் அப்பாவின் சொந்தக்காரர்களும் அவரை ஒதுக்கி வைத்துவிட்டார்கள். இதில் அந்தக் குழந்தை செய்த தப்பு என்ன? ஒன்றுமே இல்லை. ஆனாலும் பேச்சு முழுவதும் அந்தக் குழந்தை மேல்தான் விழுந்தது.

வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார்கள். அம்மா கல்யாணம் செய்து வைக்க நினைத்தார். முத்துலட்சுமியோ படிக்கணும் என்று பிடிவாதமாக நின்றார். அப்பா துணையோடு வீட்டிலேயே படித்து, 1902-ல் மெட்ரிகுலேஷன் பாஸ் செய்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர மனு போட்டபோது ஒரே எதிர்ப்பு. பெண் பிள்ளை வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்களாம்! அவர் அம்மாவின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள். கடைசியில் புதுக்கோட்டை மகாராஜாவே தலையிட்டுச் சேர்க்கச் சொன்னார், உதவித்தொகையும் கொடுத்தார். அங்கே படித்த முதல் பெண் அவர்தான். பையன்கள் பார்க்காதபடி நடுவில் திரை போட்டு, அதற்குப் பின்னால் தனியாக உட்கார வைத்தார்களாம். கொஞ்சம் நினைத்துப் பாருங்க. பக்கத்தில் பேச ஒரு ஆள் கிடையாது. ஆனாலும் படிப்பை விடவில்லை.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் டாக்டர் ஆனார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டுதான் கல்யாணத்துக்கே சம்மதித்தார். பிறகு சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குப் போய், பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். பெண் குழந்தைகளுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்கப் பாடுபட்டார். 1947-ல் சென்னை மாகாணம் முழுவதும் அதைத் தடை செய்து சட்டம் வந்தது.

எனக்கு ரொம்பப் பிடித்தது 1930-ல் நடந்த விஷயம். தேவதாசி குலத்துப் பெண் பிள்ளைகள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். விடுதிகளில் கேட்டால், பிறப்பைக் காரணம் காட்டி இடம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இவர் தன் வீட்டிலேயே அவர்களைத் தங்க வைத்தார். அப்படி ஆரம்பித்ததுதான் அவ்வை இல்லம். அடையாறு பெசன்ட் அவென்யூவில் இன்றும் இருக்கிறது, பள்ளியும் நடக்கிறது. அவரைத் திரைக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். அவரோ மற்ற பிள்ளைகளுக்குத் தன் வீட்டுக் கதவையே திறந்து வைத்தார்!

தங்கை புற்றுநோயில் இறந்த துக்கத்தை மனதில் வைத்திருந்து, 1954-ல் 12 படுக்கைகளோடு அடையாறு ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். 1956-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 1968 ஜூலை 22-ல் காலமானார்.

இதெல்லாம் அந்தக் காலத்துக் கதை என்று நினைக்காதீங்க. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம்மைப் போல ஒரு பள்ளி மாணவன், சாதியைச் சொல்லிக் கூடப் படித்தவர்கள் கொடுத்த தொல்லை தாங்காமல் பள்ளிக்குப் போவதையே நிறுத்தினான். ஆசிரியர் விசாரித்தபோது உண்மையைச் சொன்னான். அதற்காக அவனை வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அதன் பிறகுதான் பள்ளிகளில் இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யலாம் என்று ஆராய அரசு நீதிபதி சந்துரு அவர்களை நியமித்தது. 2024-ல் அவர் அறிக்கை கொடுத்தார்.

நம் பள்ளியில் அவ்வளவு தூரம் போகவில்லைதான். ஆனால் பட்டப் பெயர் இல்லையா? கறுப்பு, குண்டு, திக்குவாய், அப்பா குடிக்கிறார், அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார் என்றெல்லாம் கேலி இல்லையா? கேலி செய்கிறவர் இரண்டு பேர்தான். சிரிக்கிறவர் இருபது பேர். அந்த இருபது பேர் சிரிக்காமல் இருந்தாலே கேலி பாதி நின்றுவிடும்.

ஒரு பிள்ளை அடிக்கடி வயிற்றுவலி என்று லீவு போட்டால், சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்தால், முன்பு போலப் பேசாமல் இருந்தால், போய்ப் பக்கத்தில் உட்காருங்க. என்னாச்சு என்று கேளுங்க. சொன்னதை ஊர் முழுக்கச் சொல்லாதீங்க, ஆனால் நம்பிக்கையான ஆசிரியரிடம் கட்டாயம் சொல்லுங்க. நேரில் சொல்லப் பயமாக இருந்தால் மாணவர் மனசு பெட்டியில் எழுதிப் போடலாம். 1098, 14417 எண்களுக்கும், மனக்கஷ்டத்துக்கு 14416-க்கும் போன் செய்யலாம். காசு கிடையாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். உதவித்தொகைக்காகப் பெயர் வாசிக்கும்போது எங்கள் சாதியை வகுப்பில் எல்லார் முன்னாலும் வாசிக்காதீங்க, ப்ளீஸ். அந்த ஒரு நிமிஷம் எழுந்து நிற்பது எங்களுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

முத்துலட்சுமி அம்மையாருக்கு அப்பா இருந்தார், மகாராஜா இருந்தார். அவர்கள் கைகொடுக்காமல் இருந்திருந்தால் நமக்கு அடையாறு ஆஸ்பத்திரி கிடைத்திருக்குமா? நம் வகுப்பில் கடைசி பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மகாராஜா வர மாட்டார். நாமதான் போகணும்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி