நாட்டரசன்கோட்டை முதல் தாம்பரம் வரை: ப. ஜீவானந்தம் வாழ்வில் குடியிருப்புரிமை

முன்னுரை

சிவகங்கையை அடுத்துள்ள நாட்டரசன்கோட்டை, கம்பரின் சமாதி அமைந்த ஊராகத் தமிழ் மரபில் போற்றப்படுகிறது. அச்சமாதியின் மண்ணைக் குழந்தைகளின் நாவில் இட்டால் தமிழ் வளம் பெறும் என்னும் நம்பிக்கை இன்றும் அங்கு வழங்குகிறது. சா. கணேசன் 1939ஆம் ஆண்டு காரைக்குடியில் தொடங்கிய கம்பன் திருநாள், பங்குனி மகம், பூரம், உத்திரம் ஆகிய நாள்களில் காரைக்குடியிலும் அத்த நாளில் நாட்டரசன்கோட்டையிலும் நிகழ்வது மரபு. அவ்விழாவில் கம்பனைப் பேசியவர்களுள் ப. ஜீவானந்தமும் (1907-1963) ஒருவர். சா. கணேசன் இராஜாஜியின் அரசியல் வழி நின்றவர். ஜீவாவோ பொதுவுடைமைக் கட்சியின் முன்னணித் தலைவர். இவ்விருவரையும் ஒரே மேடையில் நிறுத்தும் ஆற்றல் கம்பனுக்கு இருந்தது.

ஜீவாவைப் பற்றி எழுந்த நூல்கள் அவரது மேடைப்பேச்சு, சிறைவாழ்வு, இலக்கியத் திறனாய்வு ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளன. அவர் குடிசையில் வாழ்ந்த செய்தியும் தவறாமல் இடம்பெறுகிறது. ஆயினும் அது அவருடைய எளிமைக்குச் சான்றாக மட்டுமே காட்டப்படுகிறது. குடிசை என்பது தனிமனிதர் ஒருவரின் நோன்பா, அல்லது குடியிருப்பு அனைவர்க்குமான உரிமை என்னும் கோரிக்கையின் வடிவமா என்னும் வினா எழுப்பப்படவில்லை. இக்கட்டுரை அவ்வினாவை முன்வைத்து ஜீவாவின் வாழ்வை நோக்குகிறது.

வீடு நீங்கிய இளமை

அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்த பூதப்பாண்டியில் 1907 ஆகஸ்ட் 21 அன்று ஜீவா பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் சொரிமுத்து. தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த நண்பரைத் தம் ஊரின் மேல்சாதித் தெருக்களில் உடனழைத்துச் சென்றமையால் ஊராரின் சினத்துக்கு ஆளாகி, வீட்டிலும் பூசல் எழ, இளம்வயதிலேயே அவர் வீட்டை விட்டு வெளியேறினார் என்று வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பிறந்த வீட்டை இழந்தமை அவர் வாழ்வில் முதல் நிகழ்வு. அவ்விழப்புக்குக் காரணம், யார் எத்தெருவில் நடக்கலாம், எங்குக் குடியிருக்கலாம் என்பதைச் சாதி வரையறுத்திருந்ததே. பிற்காலத்தில் அவர் பேசிய குடியிருப்புச் சிக்கலின் வேர் இங்கேயே உள்ளது எனலாம்.

சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் ஜீவா சில காலம் இருந்தார். உணவுப் பந்தியில் சாதி வேறுபாடு காட்டப்பட்ட சிக்கலை அடுத்து அங்கிருந்து விலகிச் செட்டிநாட்டுக்கு வந்தார்.

செட்டிநாட்டு மாளிகைகளும் சிராவயல் ஆசிரமமும்

ஜீவா செட்டிநாட்டுக்கு வந்த 1920கள், நகரத்தார் வணிகம் பர்மாவிலும் மலாயாவிலும் ஓங்கியிருந்த காலம். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு முகப்பு, வளவு, பட்டாலை எனத் தெருவுக்குத் தெரு நீளும் வீடுகள் எழுந்தன. நாட்டரசன்கோட்டையும் அத்தகைய நகரத்தார் ஊர்களுள் ஒன்றே. இவ்வீடுகளின் உடைமையாளர்கள் கடல்கடந்த ஊர்களில் தங்கிய இடமோ, பலரும் ஒரே கூரையின்கீழ் ஒரு பெட்டியடி அளவே தமக்கெனக் கொண்டிருந்த கிட்டங்கி. பொருளீட்டிய இடத்தில் ஒரு பாய் விரிக்கும் இடம், பிறந்த ஊரில் பேரில்லம் என்னும் இம்முரண் தனியே ஆராயத்தக்கது. மாளிகைகளுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமந்த மக்களோ ஊர்ப்புறத்துச் சேரிகளில் கூரைக்குடிலில் வாழ்ந்தனர்.

இச்சூழலில் காரைக்குடிக்கு அண்மையிலுள்ள சிராவயலில், நகரத்தார் ஒருவரின் கொடையால் காந்தி ஆசிரமம் அமைந்தது. ஜீவா அதனைப் பொறுப்பேற்று நடத்தினார். நூல்நூற்றலும் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி புகட்டலும் அங்கு நிகழ்ந்தன. 1927இல் செட்டிநாட்டுச் சுற்றுப்பயணத்தின்போது காந்தியடிகள் சிராவயலுக்கு வந்து அவரைக் கண்டார். வருணாசிரமம் குறித்த காந்தியடிகளின் கருத்தை மறுத்து ஜீவா எழுதிய கடிதமே அச்சந்திப்புக்கு வழிவகுத்தது என்பர். அவருக்குள்ள சொத்து யாது எனக் காந்தியடிகள் வினவியதாகவும், நாட்டையே தம் சொத்தாக ஜீவா சுட்டியதாகவும் வழங்கும் செய்தி பரவலாக அறியப்பட்டது. அது நாவன்மைக்குரிய எடுத்துக்காட்டாகவே மேற்கோள் காட்டப்படுகிறது. மாளிகைகள் சூழ்ந்த நிலப்பகுதியில், கொடையாகப் பெற்ற இடத்தில் நின்றுகொண்டு, தனியுடைமை ஏதுமின்றி அது கூறப்பட்டது என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

ஆசிரமத்தை விட்டு விலகியபின் ஜீவாவின் வாழ்வு விரைந்து மாறியது. சட்டமறுப்பு இயக்கத்தில் சிறைசென்று அங்குச் சமதர்மக் கருத்துகளோடு நெருங்கினார். சுயமரியாதை இயக்கத்தில் செயலாற்றினார். பகத்சிங்கின் நாத்திகம் பற்றிய நூலைத் தமிழாக்கித் தளைப்பட்டார். காங்கிரஸ் சமதர்மக் கட்சி வழியாகப் பொதுவுடைமைக் கட்சிக்கு வந்தார். 1937இல் ‘ஜனசக்தி’ தோன்றியது. கோவை, மதுரை நூற்பாலைத் தொழிலாளரிடையே அவர் பணியாற்றினார். நாடு கடத்தலும் தலைமறைவும் தொடர்ந்தன. இவ்வாண்டுகளில் அவருக்கென நிலைத்த வீடு இருந்ததில்லை.

வண்ணாரப்பேட்டையும் வாடகைக்குடிகளின் சட்டநிலையும்

1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஜீவா வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆலை, துறைமுகம், இரயில்வே ஆகியவற்றில் உழைப்போர் செறிந்து வாழ்ந்த வடசென்னையின் பகுதி அது. அங்கு வாழ்ந்த ஏழையரின் நிலையை அறியச் சட்டப் பின்னணி இன்றியமையாதது.

சென்னையில் மனை ஒருவருடையதாகவும், அதன்மேல் எழுப்பிய குடிசையோ வீடோ மனைவாடகை செலுத்தும் குடியினதாகவும் இருப்பது நெடுங்கால வழக்கம். முதல் உலகப்போரை அடுத்து நிலமதிப்பு உயர, குடிகளை வெளியேற்றும் முயற்சி பெருகியது. அதனைத் தடுக்கவே 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வெளியேற்றப்படும் குடி தான் கட்டிய கட்டடத்துக்கு இழப்பீடு பெறவும், நீதிமன்றத்தின் வழி அம்மனையை விலைக்குக் கேட்கவும் அது இடமளித்தது. எனினும் சட்டம் நடைமுறைக்கு வருமுன் குடியேறியோர்க்கு மட்டுமே முதலில் அப்பாதுகாப்பு கிட்டியது. பின்வந்தோர் 1955ஆம் ஆண்டின் திருத்தம் வரை காத்திருக்க நேர்ந்தது. ஜீவா சட்டமன்றத்தில் இருந்த காலம் அது.

இதே போர்க்காலத்தில், 1915இல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மேரி பார்பர் முதலிய பெண்கள் திரண்டு உயர்த்தப்பட்ட வாடகையைக் கொடுக்க மறுத்தனர். அவ்வாண்டே பிரிட்டன் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. வாடகையும் வெளியேற்றமும் வீட்டுக்காரருக்கும் குடிக்கும் இடைப்பட்ட தனிப்பட்ட ஒப்பந்தம் மட்டும் அல்ல. அரசு விடையளிக்க வேண்டிய பொருள் என்பது அங்கும் இங்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிறுவப்பட்டது.

நாட்டுப்புறத்தில் நிலை இன்னும் கடுமையானது. தஞ்சைப் பகுதியில் பண்ணையாளின் குடிசை நின்ற மண் பண்ணையாருடையது. கூலி கேட்டவனின் கூரையைப் பிரித்தெறிவது எளிது. வேலையும் வீடும் ஒருங்கே பறிபோகும். ஜீவா சார்ந்த கட்சியின் விவசாயச் சங்கத்தை அங்குக் கட்டியெழுப்பிய பி. சீனிவாசராவ் முதலியோரின் போராட்டத்தில் கூலியைப் போன்றே குடியிருப்பு மனையும் மையப் பொருளாயிற்று. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும், 1961இல் குடியிருப்பில் வாழ்வோரை வெளியேற்றத்திலிருந்து காக்கும் சட்டமும் வந்தன. வடசென்னையின் மனைவாடகைக் குடியும் தஞ்சையின் பண்ணையாளும் தொழிலால் வேறுபட்டவர்கள். கூரை தம்முடையது, மண் தம்முடையதன்று என்னும் நிலையால் ஒன்றுபட்டவர்கள்.

கம்பன் கண்ட நாடு

சுயமரியாதை இயக்கத்திலிருந்து வந்த ஒருவர் கம்பனைப் போற்றியமை அக்காலத்தில் எளிதன்று. 1943இல் கம்பராமாயணத்தை எரிப்பது பற்றி அண்ணாவுக்கும் ரா.பி. சேதுப்பிள்ளை, நாவலர் சோமசுந்தர பாரதியார் ஆகியோர்க்கும் நடந்த சொற்போர்கள் தமிழுலகு அறிந்தவை. ஜீவா எரிப்பவர் பக்கமும் சேரவில்லை. கம்பனைப் பத்திநூலாக மட்டும் கொள்வோர் பக்கமும் சேரவில்லை.

கம்பர் நாட்டுப்படலத்தில் கோசலத்தைக் கூறுகையில், அங்கு வறியோர் இன்மையால் வள்ளன்மைக்கு இடமில்லை என்கிறார். நகரப்படலத்தில், செல்வம் அனைவரையும் அடைந்தமையால் உடையவர், இல்லாதவர் என்னும் பகுப்பே அற்றுப்போனதாகக் காட்டுகிறார். பொதுவுடைமையாளர் விரும்பி எடுத்தாண்ட பகுதிகள் இவை. ஜீவாவின் கம்பன் வாசிப்பும் இத்திசையிலேயே சென்றது. இங்குக் கம்பர் கொடையை இகழவில்லை. கொடை தேவைப்படாத சமூக நிலையைக் கொடையினும் உயர்ந்ததாக வைக்கிறார். புறநானூற்றுக் காலந்தொட்டுக் கொடையைத் தலைமையின் முதற்பண்பாகப் பாடிவந்த இலக்கிய மரபில் இது துணிவான நகர்வு. வள்ளல்கள் நிறைந்த செட்டிநாட்டில், கம்பன் விழாவுக்குப் பொருளுதவிய செல்வர்கள் அமர்ந்திருந்த அவையில், இக்கருத்துக்கு இருந்திருக்கக்கூடிய கூர்மை எண்ணிப்பார்க்கத்தக்கது.

தாம்பரத்துக் குடிசை

ஜீவா தம் இறுதி ஆண்டுகளில் தாம்பரத்தில் குடிசையில் குடும்பத்துடன் வாழ்ந்தார். அக்காலத்தில்தான் 1959இல் ‘தாமரை’ இதழும் 1961இல் கலை இலக்கியப் பெருமன்றமும் தோன்றின. முதலமைச்சராயிருந்த காமராசர் அக்குடிசைக்கு வந்ததும், அரசின் சார்பில் வீடு தர முன்வந்ததும், சுற்றியுள்ள ஏழையர்க்கெல்லாம் வீடு கிடைக்கும் நாளில் தமக்கும் கிடைக்கட்டும் என ஜீவா மறுத்ததும் பலராலும் சொல்லப்படுகின்றன. இச்செய்தி வாய்மொழியாகப் பரவியது. உடுத்த மாற்றுவேட்டி இல்லாமை முதலிய கிளைக்கதைகள் வடிவந்தோறும் வேறுபடுகின்றன. ஆயினும் எல்லா வடிவங்களிலும் மாறாதிருப்பது மறுப்புக்குக் கூறப்படும் காரணமே.

அக்காரணம் துறவியின் காரணமன்று. துறவி வீடு வேண்டாம் என்பார். ஜீவா வேண்டும் என்கிறார், அனைவர்க்கும் வேண்டும் என்கிறார். தலைவர் ஒருவருக்கு மட்டும் வழங்கப்படும் வீடு, அளிப்பவர் எத்துணை நல்லவராயினும், கொடை. கொடையாகத் தரப்படுவதைக் குறைக்கவும் நிறுத்தவும் தருபவருக்கு முடியும். உரிமையாக அமைந்ததை அவ்வாறு செய்ய இயலாது. சட்டமன்ற உறுப்பினராக வாடகைக்குடிகளின் தொகுதியைச் சார்ந்திருந்தவருக்கு இவ்வேறுபாடு தெரியாதிருக்க இயலாது. அனைவர்க்கும் வீடு எனும் கோரிக்கையை உதிர்த்துவிட்டுத் தியாகத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது பிற்காலம்.

அம்மறுப்பின் சுமையை அவர் ஒருவர் மட்டும் தாங்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். ஒழுகும் கூரையின்கீழ்க் குடும்பம் நடத்தியோர் அவருடைய மனைவியும் மக்களும். வாழ்க்கை வரலாறுகள் இதனைப் போகிறபோக்கில் மட்டுமே சொல்லிச் செல்கின்றன. குடிசையைப் போற்றும் எழுத்துகள் அதனுள் இருந்த பெண்ணின் உழைப்பைக் கணக்கில் கொள்ளாமை பெருங்குறையாகும்.

நகர வீட்டுவசதிக்கென வாரியம் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்தது. ஜீவா 1963 ஜனவரி 18 அன்று மறைந்தார். அப்போதும் காமராசரே முதலமைச்சர். தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தோன்றியது 1970இல். நாட்டுப்புறக் குடியிருப்பில் வாழ்ந்தோர்க்கு அவர்தம் குடிசை நின்ற மண்ணை உடைமையாக்கிய சட்டம் 1971இல் வந்தது.