கோடீஸ்வரருக்குக் கிடைக்காத சிகிச்சை

கல்லூரியில் பொருளியல் கற்பித்த காலத்தில், அமெரிக்கத் தொழிலதிபர் ஹோவர்ட் ஹியூஸின் கதையை மாணவர்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். எண்ணெய்த் துரப்பணக் கருவி, விமானம், பங்கு விற்பனை என அவர் ஈட்டிய செல்வத்தோடு பாடம் முடிந்துவிடும். அவருடைய கடைசி இருபது ஆண்டுகளைப் பற்றி நான் பேசியதில்லை. என் தம்பிக்கு எண்ணச் சுழற்சி நோய் இருப்பதாக மருத்துவர் சொன்ன பிறகே அந்த ஆண்டுகளைத் தேடிப் படித்தேன்.

ஹியூஸ் 1905-இல் டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கடினமான பாறையையும் குடையும் துரப்பண முனையை உருவாக்கிப் பெரும்பொருள் ஈட்டியவர் தந்தை. மகனை நோய் தொற்றிவிடுமோ என்று ஓயாமல் அஞ்சியவர் தாய். 1922-இல் தாயும் 1924-இல் தந்தையும் மறைய, இருபது வயது நிறையும் முன்பே நிறுவனம் அவர் கைக்கு வந்தது.

திரைப்படம் எடுத்தபோது, வான்சண்டைக் காட்சிக்கு ஏற்ற மேகங்கள் திரளும்வரை படக்குழுவைக் காத்திருக்க வைத்தார். 1938-இல் நான்கு துணைவர்களுடன் சுமார் 91 மணி நேரத்தில் உலகை விமானத்தில் சுற்றிவந்து சாதனை படைத்தார். அவருடைய பிடிவாதமான நுணுக்கத்தை மேதைமை என்றே உலகம் கொண்டாடியது. நுணுக்கம் நாடுவோர் எல்லோரும் நோயாளிகள் அல்லர். வேண்டாத எண்ணம் ஒன்று மீண்டும் மீண்டும் எழுந்து அச்சுறுத்துவதும், அந்த அச்சத்தைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய நேர்வதும், அன்றாட வாழ்வை அது விழுங்கிவிடுவதுமே இந்நோயின் அடையாளங்கள்.

1946-இல் சோதனை ஓட்டத்தின்போது விமானம் நொறுங்கி, ஹியூஸ் படுகாயமுற்றார். வலி தணிக்கும் கோடீன் மருந்துக்கு அடிமையானது அவர் நிலையை மேலும் சிக்கலாக்கியது. கிருமி பற்றிய அச்சமோ ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்தது. எந்தப் பொருளையும் மெல்லிய காகிதத்தால் பிடித்தே பணியாளர்கள் அவரிடம் தர வேண்டும். பழம் அடைத்த தகர டப்பா ஒன்றைக் கழுவித் திறப்பது எப்படி என்று படிப்படியாக எழுத்தில் ஆணையிட்டார். 1966-இல் லாஸ் வேகஸ் நகரின் டெசர்ட் இன் விடுதியில் குடியேறினார். காலி செய்யச் சொன்னபோது அந்த விடுதியையே விலைக்கு வாங்கிவிட்டார். அழுக்குக்கு அஞ்சிய அந்த மனிதர், இருண்ட அறையில் முடியும் நகமும் வெட்டாமல் கிடந்தார்.

அதே 1966-இல், தம் விமான நிறுவனப் பங்குகளை விற்று ஹியூஸ் பெற்ற தொகை ஏறத்தாழ 54.6 கோடி டாலர். அந்த ஆண்டில்தான் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், இத்தகைய நோயாளிகள் இருவருக்கு அளித்த சிகிச்சையைப் பற்றி எழுதினார். அஞ்சும் பொருளைத் தொட வைப்பது, தொட்டபின் கழுவ விடாமல் உடனிருப்பது என்பதே அதன் சாரம். பதற்றம் ஏறும், கழுவாமலேயே தணியவும் செய்யும். அதை மனம் பட்டறிந்து கற்க வேண்டும். இன்று இம்முறையே முதன்மையான உளவியல் சிகிச்சை. மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை மாற்றும் மருந்துகளும் பலருக்கு உதவுகின்றன. பலன் தெரிய வாரக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுக்கென 1953-இலேயே ஒரு நிறுவனத்தை உருவாக்கியவர் ஹியூஸ். ஆனால், அவருக்குத் தேவைப்பட்டது, அன்போடு மறுத்துச் சொல்லும் ஒருவரே. அவரைச் சூழ்ந்திருந்த அனைவரும் ஊதியத்துக்குக் கீழ்ப்படிந்தவர்கள். 1976 ஏப்ரலில், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்ட விமானத்திலேயே உயிர் பிரிந்தது. ஆறடிக்கு மேல் உயரமான அவருடைய எடை அப்போது சுமார் 42 கிலோ.

பொருளியலில், எதற்கு மானியம் கொடுக்கிறோமோ அது பெருகும் என்பது பாலபாடம். அதைப் பல்லாண்டு கற்பித்த நானே என் வீட்டில் மறந்தேன். இரவில் கதவைப் பூட்டியாயிற்றா என்று தம்பி கேட்கும்போதெல்லாம் பூட்டியாயிற்று என்று உறுதி கூறினேன். இரண்டு முறை கேட்டவன் இருபது முறை கேட்கலானான். நான் அன்பென்று நினைத்துக் கொடுத்த ஒவ்வொரு பதிலும் நோய்க்குக் கொடுத்த மானியம். ஹியூஸின் பணியாளர்கள் கூலிக்குச் செய்ததை நான் பாசத்துக்காகச் செய்திருக்கிறேன்.

பதில் சொல்வதைக் குடும்பமே படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று மருத்துவர் எங்களுக்கும் பயிற்சி அளித்தார். தம்பியோடு பேசி, அவன் ஒப்புதலோடுதான் தொடங்கினோம். முதல் இரவுகள் கொடியவை. கூடத்தில் அவன் நடப்பதைக் கேட்டபடி நானும் விழித்திருந்தேன். இப்போது பெரும்பாலும் ஒரு முறை பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்துவிடுகிறான். சில இரவுகளில் எழுந்து வந்து என் முகத்தைப் பார்க்கிறான். நான் எதுவும் சொல்வதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.