சிரிப்பை எழுதிப் பெயரை இழந்த நிகொலாய் எர்ட்மன்

சோவியத் திரையுலகின் புகழ்பெற்ற இசை நகைச்சுவைப் படமான ‘உற்சாகத் தோழர்கள்’, அதை எழுதியவரின் பெயரின்றியே 1934-ஆம் ஆண்டின் இறுதியில் திரைக்கு வந்தது.

மாஸ்கோவில் பிறந்த நாடகாசிரியர் நிகொலாய் எர்ட்மன், விளாதிமிர் மாஸ், இயக்குநர் கிரிகோரி அலெக்சாந்திரோவ் ஆகியோருடன் இணைந்து இதன் திரைக்கதையை உருவாக்கினார். ஆடு, மாடு மேய்க்கும் இளைஞனாக ஜாஸ் இசைக் கலைஞர் லியோனித் உத்யோசவும், பணிப்பெண்ணாக லியுபோவ் ஒர்லோவாவும் நடித்தனர். ஐசக் துனயெவ்ஸ்கி இசையமைத்தார்.

1933-இல் கருங்கடலோர நகரான காக்ராவில் படப்பிடிப்பு நடைபெற்றபோது, அரசை நையாண்டி செய்யும் கவிதைகளை எழுதியதற்காக எர்ட்மனும் மாஸும் கைது செய்யப்பட்டனர். எர்ட்மன் சைபீரியாவின் யெனிசெய்ஸ்க் நகருக்கு அனுப்பப்பட்டார். படம் பெருவெற்றி பெற்றபோது, இருவரது பெயர்களும் திரையில் இடம்பெறவில்லை.

1932-இல் தடை செய்யப்பட்ட அவரது ‘தற்கொலையாளர்’ நாடகம், 1970-இல் அவர் மறைந்து 12 ஆண்டுகளுக்குப் பிறகே மாஸ்கோவில் மேடையேறியது.